ஜெபத்துக்கு அவசரப்பட்ட போதகர்

போதகர் வேலையை விட்டுவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அச்சகம் நடத்தும் மைத்துனர், கூடவந்து நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரசங்கம், கல்யாணம், அடக்கம் என்று வருடக்கணக்காக ஓடியும் போதகருக்கு மனசு நிறையவில்லை.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஊழியம் செய்யறதுக்கு, அங்கயே போங்க," என்று மனைவியும் கைகழுவிவிட்டாள்.

அந்த வாரம் பார்த்து, அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளப் பழக்கும் உணர்வு நுண்ணறிவுப் பயிற்சியைப் போதகர்களுக்கு வைத்தார்கள். வேண்டாவெறுப்பாகப் போனார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும். எதிரே இருந்தவர், "என் மக என்கூடப் பேசறதில்ல..." என்று ஆரம்பித்ததுமே நம்மவர், "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, அவர் இன்னும் முடிக்கவே இல்ல," என்றார் பயிற்சி நடத்திய அம்மா. "ஜெபம் பண்றீங்களா, தப்பிச்சு ஓடறீங்களா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அதே வியாதி! போதகருக்குச் சுருக்கென்றது. உடனே உள்ளே ஏதோ பற்றிக்கொண்டதுபோல ஒரு பரபரப்பு. இதுதானா? இத்தனை நாளும் மனசு நிறையாததற்குக் காரணம் இதுதானா?

மறுநாள் காலையிலேயே தன் சபையைச் சேர்ந்த ஒரு தச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். தச்சரின் மனைவி போன மாதம்தான் இறந்திருந்தாள். அதற்குப் பிறகு போதகர் பலமுறை வந்திருக்கிறார். வந்த வேகத்தில் ஜெபித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். தச்சரின் முகத்தை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

தச்சர் பழக்கத்தில் கைகூப்பித் தலைகுனிந்தார். போதகருக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

"இருங்க. உங்க வீட்டம்மாவப் பத்திச் சொல்லுங்க."

"அவளா? நான் செஞ்ச நாற்காலில உக்காரவே மாட்டா ஐயா. ஆடுதும்பா."

"ஆடுமா?"

"ஆடும்தான்!"

சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. போதகர் கண்ணை மூடாமல் அங்கேயே இருந்தார். அவள் சமையலில் உப்பு கூடியது, கோபம் வந்தால் தனக்குத்தானே பேசிக்கொண்டது என்று தச்சர் சொல்லிக்கொண்டே போனார். வெகுநேரம் கழித்துத்தான், "இப்ப ஜெபிங்க ஐயா," என்றார். அந்த ஜெபத்தில் தச்சரின் மனைவி முழுசாக இருந்தாள்.

வீட்டுக்குள் செருப்போடு பாய்ந்துவந்த போதகர், நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

"சரி, எங்கண்ணனுக்கு என்ன பதில் சொல்ல?" என்றாள் மனைவி.

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு! நான் காது குடுத்துக் கேட்காம விட்டவங்க எத்தனை பேரு இருக்காங்க தெரியுமா?"

"சாப்பிட்டுட்டாவது போங்க!"

அவர் தெருமுனை தாண்டிவிட்டார். அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, அவரு வரலயாம். சேச்சே, கோவமெல்லாம் இல்ல. பரீட்சைல பாஸான பையன் மாதிரி ஓடறாரு!"