எட்டு நிமிடமும் முப்பத்திரண்டு கிலோமீற்றரும்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு கூடைப்பந்து அணியைக் கூட்டிப்போக வான் நல்லதா, பஸ் நல்லதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முப்பத்திரண்டு கிலோமீற்றர், இப்போது முக்கால் மணி நேரம், எதில் போனாலும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு நான்தான் பயிற்சியாளர். அணியில் பன்னிரண்டு பேர். பெரிய ஆட்டக்காரன் என்று ஒருவரும் இல்லை, ஆள்பலம்தான் பலம். முதல் ஐவர் ஐந்து நிமிடம், இரண்டாம் ஐவர் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி இறக்குவேன். பாதி ஆட்டத்துக்குள் எதிரணிக்கு நாக்குத் தள்ளிவிடும். யாருக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். அந்தக் கொப்பியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இறுதிப்போட்டி பிற்பகல் இரண்டு மணிக்கு, மட்டக்களப்பு வாவிக்கரை மைதானத்தில். கிடைத்த வானில் ஆறு பேருக்குத்தான் இடம். கொப்பியைப் பார்த்தே ஆள் ஏற்றினேன். முதல் ஐவரும் நானும் வானில், மற்ற ஏழு பேர் பஸ்ஸில். அணித்தலைவன் யோகனின் தம்பி சுரேஷ் வான் கதவடியில் வந்து நின்றான்.

"நானும் அண்ணனோட வாறன் சேர்."

"நீ ரெண்டாவது அஞ்சு. பஸ்ல வா."

பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். வழியில், நகரத்துக்குக் கிட்ட, இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் விட்டார்கள். அரை மணி பின்னால் வந்த பஸ்ஸை அங்கேயே மறித்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கும் ஏழு பேரையும் காணவில்லை. ஐந்து பேரோடு தொடங்கினோம். மாற்ற ஆளில்லை. யோகன் பந்தைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில், எங்களுக்குத் தெரிந்த பாதிரியார் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"பஸ்ஸால எல்லாரையும் இறக்கி, தலையாட்டிக்கு முன்னால நிப்பாட்டினாங்க" என்றார். தலையாட்டி என்றால் முகத்தை மூடிக்கொண்டு இராணுவத்துக்கு ஆள்காட்டுபவன். "சுரேஷுக்குத் தலையாட்டிற்றான். நான் கதைக்கப் போறன். வீட்டாக்கள் ஒராள் பக்கத்தில நிண்டா நல்லம்."

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். யோகனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னை விடுங்க சேர், நான் போறன்."

நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். நான்கு பேரோடும் ஆடலாம் என்பது விதி, அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"எட்டு நிமிஷம்தானே. முடிச்சிட்டுப் போ" என்றேன்.

அவன் திரும்பிப் போய் ஆடினான். பாதிரியார் தனியாகப் புறப்பட்டார். ஒரு புள்ளியால் வென்றோம். கிண்ணத்தை வாங்க யோகன் நிற்கவில்லை, ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது மற்ற ஆறு பேரும் தெருவோரம் இருந்தார்கள். சுரேஷை முகாமுக்கு ஏற்றிப்போய்ப் பத்து நிமிடம் என்று பாதிரியார் சொன்னாராம்.

பத்தொன்பது நாள் கழித்து அவனை விட்டார்கள். பார்க்கப் போனேன். வலது கையைத் தூக்க முடியாமல் இருந்தான். என்னோடு கோபிக்கக்கூட இல்லை.

"பைனல்ல எனக்கு எத்தின நிமிஷம் போட்டீங்க சேர்?" என்று கேட்டான்.

கொப்பியில் அவனுக்குப் பூச்சியம். யோகனுக்கு நாற்பது.

வாசகருக்கு என் பதில் இதுதான். காலையிலேயே புறப்படுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். வானோ பஸ்ஸோ, எல்லாரும் ஒன்றாகப் போங்கள். யாராவது பாதி ஆட்டத்தில் போகவேண்டும் என்று கேட்டால், புள்ளிப் பலகையைப் பார்க்காமல் விடுங்கள்.