பத்துக்கு மூன்று

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் விதைக்கடையில் வேலை பார்த்தார். செத்துப்போன மனுஷனைப் பற்றி நல்லது மட்டும் பேச வேண்டும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் நான் இரண்டே வரியில் முடித்துவிட வேண்டியதுதான்.

கடையில் அவருக்குப் பெயர் 'ஈரத்துணி'. புது மூட்டை வந்து இறங்கினால் அதிலிருந்து பத்து விதை வீட்டுக்கு வரும். பழைய பருத்தித் துணியை நனைத்து, சொட்டு வடியாதபடி பிழிந்து, விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டுவார். டப்பாவில் போட்டு மூடி, என் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைப்பார். விதைக்கு வெதுவெதுப்பு வேண்டுமாம். எனக்கு இருபது வருஷமாக முதுகுவலி. ஒருநாள் ஒற்றடம் கொடுத்த கை இல்லை அது.

தினமும் ஒருதரம் டப்பாவைத் திறந்து காற்றுக் காட்டுவார். துணி காய்ந்திருந்தால் விரலால் தண்ணீர் தெளிப்பார். தக்காளி ஐந்தாறு நாளில் வால் விடும். மிளகாய் பத்து நாள்கூட இழுக்கும். பாகற்காய்க்கு ஓடு தடிமன் என்பதால் நகவெட்டியால் முனையைக் கிள்ளி ஊறப்போடுவார். பத்துக்கு எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்துக்குக் கீழே போனால் குப்பை. எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் பத்து வரை எண்ணத் தெரியும்.

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் மிளகாய் டப்பாவைத் திறந்தேன். பத்து நாள் தாண்டியும் மூன்றுதான் முளைத்திருந்தது. மற்ற ஏழும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

"என்னங்க இது, பாதிகூட வரலையே?"

"பழைய சரக்கு. புது தேதி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிட்டார் முதலாளி."

"ஒட்டினீங்களா?"

"உன் அடுப்பைப் பாரு."

ஒட்டியிருந்தார். நாங்கள் குடியிருந்தது கடைக் கிடங்குக்குப் பின்னால், முதலாளி விட்ட இடத்தில். வேலை போனால் தலைக்கு மேலிருக்கும் கூரையும் போகும்.

அடுத்த வாரம் என் தங்கை கடைக்கு வந்தாள். பதினாறு வருஷம் ஹோட்டலில் பாத்திரம் தேய்த்து விரலிடுக்கெல்லாம் புண்ணானவள். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு துண்டு நிலத்தை ஒரு போகத்துக்குக் குத்தகை பிடித்திருந்தாள். விளைந்தால் நிலம் அவளிடம் தொடரும். விளையாவிட்டால் வேறு ஆளுக்குப் போகும். நான் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோய் அங்கேதான் நின்றிருந்தேன்.

"மாமா, மிளகாய் விதை குடுங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்? முளைக்குமில்ல?"

முதலாளி தலையைத் தூக்கினார். "சொல்லுய்யா ஈரத்துணி, உன் மச்சினிச்சி கேக்குதுல்ல?"

"முளைக்கும்," என்றார் இவர்.

தங்கை என் தோளில் தட்டினாள். "இனிமே எவன் எச்சில் தட்டையும் தொட மாட்டேன் அக்கா. நீ வேணா ஆயுசுக்கும் தேய்ச்சுக்கிட்டுக் கெட!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். 'பத்து விதையைத் துணியில் சுருட்டிப் பாருடி' என்று ஒரு வார்த்தை போதும். சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நீ போயேன்."

"கடை உங்க கடை."

"தங்கச்சி உன் தங்கச்சி."

இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

இருபது நாள் கழித்து அவள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நாத்தே வரலை மாமா. அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிக்குது. ஆழமா ஊனிட்டேனோ?"

இவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தண்ணி அதிகமாயிருக்கும்."

அவள் நம்பினாள். மறுபடி விதை தேடி விதைப்பதற்குள் பருவம் போயிற்று, நிலமும் கைமாறியது. ஹோட்டலில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், பின்கட்டில் பெரிய அண்டா தேய்க்க.

அதன்பிறகு இவர் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மனசு உறுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி கடையிலேயே பலகை அடித்துக் கொடுத்துவிட்டார்.

இவர் செத்த அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவள் தங்கைதான். "விதையைப் பத்தி மாமாவுக்குத் தெரிஞ்சது யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் கைராசி இல்லாமப் போச்சு," என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் பிணத்தின் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாகப் படுத்திருந்தார். கொடுத்து வைத்த மனுஷன்.

போன மாதம் தங்கை ஒரு மிளகாய் விதைப் பொட்டலத்தோடு வந்தாள். இப்போது அவளால் அண்டா தூக்க முடியவில்லை, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாடியில் நாலு தொட்டி வைக்க ஆசையாம். மாமா சுருட்டுகிற மாதிரி காட்டு என்றாள். காட்டினேன். டப்பாவை என் அடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் வந்து திறந்தாள். ஒன்பது முளைத்திருந்தது. விரலை வைத்து இரண்டு தரம் எண்ணினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என் கை தொட்டாலும் முளைக்குதே அக்கா. அப்போ அன்னிக்கு என்னாச்சு?"

எழுபது வயதுக்கு மேல் இனி எனக்கு எந்தக் கூரை போகப்போகிறது? சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி அதிகமாயிருக்கும்டி," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த பத்து விதைக்குத் துணியை நனைத்து, அந்தப் புண் விரல்களால் இன்னொரு தரம் இறுக்கிப் பிழிந்தாள்.