வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

‘வேண்டாம்’ என்று சொல்வதற்கும் மூச்சு வேண்டும். அந்த மூச்சே இல்லாத வேளையில், அன்போடு நீட்டப்படும் ஒன்றை ஒருவர் எப்படி மறுப்பது? பூந்தமல்லியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. இன்னும் அது போகவில்லை.

சிறுவயதில் வந்த ஒரு தொற்றுக்குப் பிறகு என் மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்துவிட்டன. இது பிறரைத் தொற்றாத நோய். என்னை விட்டும் போகாத நோய். சமூகப்பணி படித்துவிட்டு, திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் தொழிலாளர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்தில். காலையில் பூந்தமல்லி வரை பேருந்து. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மற்றவர்களுக்கு அது சலிப்பான பயணம். எனக்கோ புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடும் யோசனை: எந்த ஜன்னலில் லாரிப் புகை குறைவு, எங்கே சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பனி விலகும் வரை காத்திருந்தால் எவ்வளவு தாமதமாகும்.

என் கணவர் இந்தப் பயணத்துக்கு ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார்.

“வழியில ஒரே ஒரு தடவை மூச்சுத் திணறுச்சுன்னாலும் வேலைய விட்டுடணும். அப்புறம் பேச்சே இருக்கக் கூடாது.”

சரி என்றேன். ஆலையில் பாலிஷ் போடும் பகுதியில் வேலை செய்யும் பெண்களுக்குத் தூசியை இழுக்கும் கருவி வைக்கவேண்டும் என்று அப்போதுதான் நிர்வாகத்திடம் பேசத் தொடங்கியிருந்தேன். நான் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சும் உட்கார்ந்துவிடும். தூசி ஒரு நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்பதைப் படித்து அறிந்தவள் அல்ல நான், பட்டு அறிந்தவள். ஆகவே அந்தப் பயணம் எனக்கு வெறும் சம்பளத்துக்கான வழியாக இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவின் இரு பக்கமும் மழைக்கான தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். பின் இருக்கையில் நடுவில் மாட்டிக்கொண்டேன். எனக்கு இடப்பக்கம் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண். வலப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர். இன்னும் ஆள் சேரவில்லை என்று ஓட்டுநர் வெளியே நின்று கூவிக்கொண்டிருந்தார். ஈரக்காற்றில் எனக்கு இருமல் தொடங்கியது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பாட்டிலில் இருந்த வெந்நீரைக் குடித்தேன்.

“இன்னாக்கா, காலீல இருந்து இருமிக்கினே கீறே? சளியா?” என்றார் ஓட்டுநர்.

இல்லை என்று தலையாட்டுவதற்குள் அடுத்த இருமல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் ஒரு முதியவர் வருவார். வெள்ளைத் தொப்பி, பச்சைத் துண்டு, கையில் கனல் நிரம்பிய சட்டி. கடை கடையாக ஏறி, சாம்பிராணி தூவி, ஓர் அட்டையால் விசிறிப் புகை காட்டுவார். எந்தச் சாமியின் படம் மாட்டியிருந்தாலும் கடைக்காரர்கள் அவரை உள்ளே அழைப்பார்கள். அன்று எங்கள் ஓட்டுநரும் அழைத்தார்.

“பாய்! இப்டி வா பாய். வண்டிக்கு அப்பாலிக்கா காட்டு, மொதல்ல இந்த அக்காவுக்கு நல்லா காட்டு. நெஞ்சு பூரா சளி கட்டிக்கினு கீது.”

“அதுக்கென்ன நைனா, காட்டிட்டாப் போச்சு.” அவர் தார்ப்பாயைத் தூக்கிச் சட்டியை உள்ளே நீட்டினார். “பயப்படாத மா. கண்ண மூடிக்கோ. எல்லாம் கரைஞ்சிடும்.”

கைப்பிடிச் சாம்பிராணி விழுந்தது. புகை எழுந்தது. அது வெளியேற வழியில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கைகளை அவர் பக்கம் காட்டினேன். நிறுத்துங்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சைகை எனக்குத் தெரியாது. ஆனால் சாம்பிராணி காட்டும்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கைகளை நீட்டுவார்கள். புகையை ஏந்தி முகத்தில் ஒற்றிக்கொள்வார்கள். அவர் முகம் மலர்ந்தது. இதழ்கள் ஏதோ ஓதின. இன்னும் கொஞ்சம் தூவி, இன்னும் அருகில் விசிறினார்.

பக்கத்திலிருந்த பெண்தான் நீலம் பாய்ந்த என் உதடுகளைப் பார்த்தாள்.

“யோவ், நிறுத்துய்யா! சளியாம் சளி! அதுக்கு மூச்சே வரல, கண்ணு தெரீல உனுக்கு?” என்று ஓட்டுநரை நோக்கிக் கத்தினாள். தார்ப்பாயைப் பிய்த்துத் தள்ளி, என்னைத் தோளோடு அணைத்து இறக்கி, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். “எங்கக்கா மருந்து? பையிலயா?” அவளே தேடியெடுத்து, உறிஞ்சும் மருந்தை என் கையில் திணித்தாள்.

மருந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தபோது அந்த ஓசையைக் கேட்டேன். முதியவர் டீக்கடைக் குவளையிலிருந்து தண்ணீரை எடுத்துத் தன் சட்டியில் ஊற்றினார். கனல் சீறி அடங்கியது. பாதிக் கடைகளுக்கு அவர் இன்னும் போகவேயில்லை.

பிறகு, கிட்டே வராமல், சாக்கடை மூடிக்கு அப்பால் நின்று கேட்டார்: “என்னாலயா மா?”

அதற்குச் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ‘புகையால்தான், உங்களால் அல்ல.’ மூன்றே சொற்கள். அவற்றுக்கு வேண்டிய மூச்சு என்னிடம் இல்லை. தலையை அசைத்தேன். திணறலில் குலுங்கிக்கொண்டிருந்த தலையின் அசைவை அவர் எப்படிப் படித்தாரோ தெரியாது. சட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்துவிட்டார்.

மாலையில் கணவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு. ஆனா வழியில என்னைக் காப்பாத்துனது ஒரு முன்பின் தெரியாத பொண்ணு. நான் முன்னாடியே சொல்லியிருந்தா, அந்த வண்டியில இருந்த எல்லாருமே காப்பாத்தியிருப்பாங்க.”

“தெனமும் ஏறுறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே போவியா?”

“போவேன்.”

அவர் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் வெந்நீர் பாட்டிலை நிரப்பி வாசலில் வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதியவருக்காகக் காத்திருந்தேன். அதற்கடுத்த வெள்ளியும் காத்திருந்தேன். கடைக்காரர்களைக் கேட்டேன். “இப்பல்லாம் இந்தப் பக்கம் வர்றதில்ல மா” என்றார்கள். வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுநரைக் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல், “உடு அக்கா, வயசாயிடுச்சி அவுருக்கு” என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த நிறுத்தத்தில் இப்போது சாம்பிராணி வாசனை இல்லை. என் நெஞ்சுக்கு நல்லதுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அங்கே நிற்கும்போது, தண்ணீரில் கனல் சீறும் ஓசை எனக்குக் கேட்கிறது. பிறகு அவர் கேட்ட அந்தக் கேள்வி.

வேலையை நான் விடவில்லை. இப்போதெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே, மூச்சு சீராக இருக்கும்போதே, ஓட்டுநரிடமும் பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நுரையீரல் நோய் இருக்கிறது, அது ஒட்டாது, புகை ஆகாது, மருந்து பையின் முன்னறையில் இருக்கிறது.