டாக்டரம்மா மிதித்த கோலம்

டாக்டர் சரோஜம்மா போய்விட்டார் என்று கறிக்கடை பாஷா போனில் சொன்னபோது நான் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். விளையாடாதே என்று மிரட்டினேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், அன்று சிரிக்கவில்லை. அப்புறம்தான் நம்பினேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் அவரிடம் திட்டு வாங்காதவர் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் யாரும் இருக்க முடியாது. என் பங்குக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

வைட்ஃபீல்ட் தாண்டி ஒரு பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்தது. வெள்ளை உடுப்பு மாட்டிய அரசாங்க ஆட்கள் அதைச் சுற்றியிருந்த கோழிகளையெல்லாம் கொன்று புதைத்தார்கள். எங்கள் தெரு கொஞ்சம் தள்ளி இருந்ததால் சோதனை மட்டும்தான். ஆனால் நோய் இருந்தால் என் கோழிகளும் குழிக்குத்தான். மற்றவை போனாலும் கமிஷனரை விட மனசில்லை. கமிஷனர் என் சேவல், நடையைப் பார்த்து வைத்த பெயர். காய்கறிப் பையில் அவரை ஏற்றி, பீன்யாவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

கேட்டுக்கு வெளியே டாக்டரம்மா நின்றிருந்தார். பையில் என்ன என்று கேட்டார். கத்திரிக்காய் என்றேன். கமிஷனர் உள்ளிருந்து கூவினார்.

"நல்ல கத்திரிக்கா. பீன்யாவுக்கும் நோயைக் கொண்டுபோய்க் குடுக்கவா பெரியவரே? சும்னே, பேசாம உள்ள போங்க."

அசடு வழிய, காபி சாப்பிட உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நோய்ப் பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தாராம்.

"சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா குளிக்காம வீட்டுக்குள்ள போவீங்களா? கோழிக்கும் அந்த மரியாதையக் குடுங்க."

கேட்டுக்கு வெளியிலேயே நின்று காபி குடித்தார். நான் அவரை வாசலோடு அனுப்பிவிட்டதாகத் தெருவே பேசியது. சுண்ணாம்புத் தூளை வாசலில் பரப்பி மிதித்துவிட்டு வரவேண்டும், கூண்டுக்குத் தனிச் செருப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரி சும்மா பரப்புவாளா? சுண்ணாம்பில் புள்ளி வைத்துத் தாமரை போட்டுவிட்டாள். பால்காரர் தாண்டினார், நான் ஓரமாக நடந்தேன். கோலத்தை யார் மிதிப்பது? சோதனைக்கு மாதிரி எடுக்க ஆட்களோடு மறுபடி வந்த டாக்டரம்மா, தாமரையைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா இது மிதிக்கிறதுக்கு."

சொல்லிவிட்டு நடுத்தாமரையில் காலை வைத்தார். அன்று வீட்டுக்காரி அவருக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை இல்லை. அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. கமிஷனர் நன்றாகவே சாப்பிட்டார். கடைசியில் போன் வந்தது.

"எந்தக் கோழிக்கும் நோய் இல்ல பெரியவரே. கமிஷனருக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது."

நேற்று காக்ஸ் டவுனில் அவர் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் வாசலில் சுண்ணாம்புத் தாமரை, அன்று போட்ட அதே அளவில். பழைய ஞாபகத்தில் ஓரமாக ஒதுங்கினேன்.

"மிதிச்சிட்டு வாங்க," என்றாள் வீட்டுக்காரி. "அப்புறம் குளிக்கலாம்."

மிதித்தேன். குளித்தேன். கூண்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கமிஷனருக்குத் தவிடு வைத்தேன். டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வரிசைதான்.