சுண்ணாம்பு அடித்தவளும் அழுதவளும்

போன கல்லறைத் திருநாளன்று, மாலை நாலேகால் மணிக்கு என் மகளின் கைப்பேசி அணைந்திருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையோடு காரைக்கால் கடற்கரைக்குப் போனவள், நாலு மணிக்கெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

தங்கை கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். அங்கே பிறந்து, தாங்கள் யார், எந்த ஊர் என்று தேடும் வளரிளம் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சில் நாவல்கள் எழுதுகிறாள். பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் மகள் அவற்றை வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாள். ஒரு நாவலில் எங்கள் அப்பாவின் கல்லறை முன் ஒரு பெண் மண்டியிட்டு அழுகிறாள். படித்தவர்கள் உருகிப்போனார்களாம். வருடாவருடம் புல் பிடுங்கி அதற்குச் சுண்ணாம்பு அடிப்பவள் நான். அழுத பெயர் தங்கைக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மகளின் பேச்செல்லாம் வீடியோ அழைப்பில் சித்திக்கே போனதைத்தான் தாங்க முடியவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். "எனக்கும் கொஞ்சம் சொல்லேண்டி" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா புத்திமதியா திரும்பி வரும்மா" என்றாள்.

மாதா கோயில் சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வரும்போது, வீட்டு ஆள் ஒருவராவது கல்லறையருகே நிற்க வேண்டும். கணவர் வெளியூரில் இருந்தார். செவ்வந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி, நகர முடியாமல் நின்றேன். தங்கையும் போனை எடுக்கவில்லை. ஐப்பசிக் கடலின் கொந்தளிப்பை நினைத்து, இருவர் எண்ணையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். அந்தப் பயத்துக்குள்ளும், கடலைவிடத் தங்கைதான் அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று மனம் பொருமியது.

பக்கத்துக் கல்லறையில் நின்ற அம்மாள், "புஸ்தகத் தங்கச்சி வரலியா? அழுவ ஆள் இல்லாம போச்சே" என்றார். நான் மெழுகுவர்த்தியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

சாமியார் இரண்டு வரிசை தள்ளி இருந்தபோது, காலெல்லாம் மணலோடு தங்கை மட்டும் வந்தாள். அவளுக்குப் பின்னால் மகளைத் தேடினேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்லக்கா, கலங்கரை விளக்கத்துகிட்ட உக்காந்திருக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "'நான் எங்கம்மா மாதிரி ஆயிடக் கூடாது'ன்னு கோவத்துல எப்பவோ எங்கிட்ட சொன்னா. அத புதுக் கதையில அப்படியே எழுதிட்டேன். இன்னைக்குத்தான் படிச்சா. உன் மொகத்துல எப்புடி முழிப்பேன்னு அழுவுறா. என்ன கிட்டக்கவே விடல, உன்னத்தான் கேக்குறா."

என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ போக்கா. அப்பாகிட்ட நான் நிக்கிறேன்."