அறுபதில் போன டிப்பர்

அரியலூரில் எனக்கு ஒரு கடை இருந்தது. லாரி, பஸ், டிப்பர்களுக்கு ஸ்பீடு கவர்னர் மாட்டும் வேலை. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி போகாமல் தடுக்கும் சின்னப் பெட்டி அது. ஆக்ஸிலேட்டர் வயரோடு இணைத்து சீல் வைத்துக் கொடுப்போம். அது இல்லாமல் வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்காது. அதனால் வருவார்கள். விரும்பி வந்த டிரைவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு வண்டியின் கதையை எழுதி வைக்கிறேன்.

1. பிரேக் இன்ஸ்பெக்டரின் போன்

ஒரு நாள் காலையில் பெரம்பலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "வாலிகண்டபுரத்துகிட்ட ஒரு கார், டிப்பர் பின்னாடி ஏறிடுச்சு. டிப்பர் நீங்க கவர்னர் மாட்டின வண்டி. வந்து செக் பண்ணிக் குடுங்க."

நான் போனபோது காரை டிப்பரின் அடியிலிருந்து இழுத்து எடுத்திருந்தார்கள். புதுக் கார். பம்பரில் கட்டிய மஞ்சள் ரிப்பன் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஓட்டியவன் வேப்பந்தட்டைப் பையன், பிரபு. லீவு முடிந்து சென்னைக்கு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

டிப்பரை ஓட்டியவன் காசி, அரும்பாவூர்க்காரன். ஜல்லி ஏற்றிக்கொண்டு இடது ஓரமாகத்தான் போயிருக்கிறான். சாலையோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

சீல் உடையவில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அறுபதைத் தொட்டதும் இன்ஜின் அடங்கியது. அப்படியே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "அப்ப டிப்பர் மேல தப்பில்ல" என்றார்.

காசிக்கு அது ஆறுதலாக இல்லை. "அண்ணே, இந்தப் பொட்டி இல்லாட்டி நான் இன்னும் வேகமா போயிருப்பேன்ல? அந்தப் புள்ள இடிச்சிருக்க மாட்டான்ல?"

"அவன் வந்த வேகத்துக்கு நீ எதுல போயிருந்தாலும் இடிச்சிருப்பான் காசி" என்றேன். நம்பித்தான் சொன்னேன். அவன் நம்பவில்லை.

2. வேப்பந்தட்டையில்

கருமாதி முடிந்த பிறகு, பிரபுவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று காசி பிடிவாதமாக நின்றான். "அடிச்சாலும் வாங்கிக்கிறேண்ணே. பாக்காம இருக்க முடியல." தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன்.

யாரும் அடிக்கவில்லை. பிரபுவின் அம்மா சரோஜா எங்களை உட்காரச் சொன்னார். அப்பா இல்லாத வீடு. மகள் கவிதா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க என்ன வேகத்துல போனீங்க தம்பி?" என்று சரோஜா கேட்டார்.

"அறுபதும்மா. அதுக்கு மேல போகாது. கவர்னர் இருக்கு." காசி என்னைக் காட்டினான். "இந்த அண்ணன்தான் மாட்டினாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "எதுக்கு மாட்டுறீங்க?"

"வேகமா போனா ஆளுங்க சாவுறாங்கன்னு கவர்மென்ட் ரூல் போட்டிருக்குங்க."

"அப்ப எம் மவன் வண்டியில ஏன் மாட்டல?"

"சொந்தக் காருக்கு அந்த ரூல் இல்லைங்க."

சரோஜா கோபப்படவில்லை. புரியாத பாடத்தைக் கேட்கிறவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காசி அழ ஆரம்பித்தான். அவர்தான் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, முன்னாடி போனீங்க, அவ்வளவுதான்" என்றார்.

காசி அதற்குப் பிறகு டிப்பர் ஏறவில்லை. இப்போது நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான்.

3. புதுக் கார்

பிறகு ஒரு மதியம் சரோஜாவும் கவிதாவும் என் கடைக்கு வந்தார்கள். வாசலில் ஒரு புதுக் கார் நின்றது. ஷிஃப்ட் முடிந்து பஸ் கிடைக்காமல் கவிதா திண்டாடியதால் வாங்கியிருக்கிறார்கள்.

"அண்ணே, இதுல அந்தப் பொட்டிய மாட்டிக் குடுங்க" என்றார் சரோஜா.

புதுக் காரில் வயரை வெட்டி மாட்டினால் வாரன்ட்டி போய்விடும். சொந்தக் காருக்கென்று அப்ரூவலான கவர்னரும் என்னிடம் கிடையாது. அதைச் சொல்லிவிட்டு, எண்பதைத் தாண்டினால் காரே சத்தம் போட்டு எச்சரிக்கும் என்றேன்.

"தம்பி காரும் போட்டுச்சுங்க" என்றாள் கவிதா.

சரோஜா அவளைப் பார்த்தார். அவருக்கு அது அன்றுதான் தெரிந்தது. "அப்ப சத்தம் போட்டுக்கிட்டேதான் போயி இடிச்சிருக்கு" என்றார்.

அந்தக் காரில் உச்ச வேகத்தை நாமே நிர்ணயிக்கும் பட்டன் இருந்தது. எண்பதில் வைத்துக் காட்டினேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் அது விட்டுவிடும் என்பதையும் மறைக்கவில்லை.

"மிதிச்சா விட்டுரும்னா அது என்னாத்துக்கு?"

பட்டனை எண்பதிலேயே விட்டு அனுப்பினேன்.

சொந்தக் காருக்கும் கவர்னர் வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம், "ஓவர்டேக் எடுக்க ஸ்பீடு வேணும் சார்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சாலையில் அனுமதித்த வேகத்துக்குச் சற்று மேலேயே எல்லையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு புதுக் காரிலும், மிதித்தாலும் விடாதபடி, கம்பெனியிலேயே கவர்னரைப் பொருத்தி அனுப்ப வேண்டும். பின்னால் வருகிறவன் இஷ்டம்போல வரலாம் என்று விட்டுவிட்டு, முன்னால் போகிற லாரியை மட்டும் கட்டி வைப்பது பாதி வேலைதான். அந்தப் பாதி வேலையைத்தான் நான் ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறேன்.

கடையை ஒரேயடியாக மூடியபின் ஒருமுறை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கவிதாவைப் பார்த்தேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு வெளியே நின்றிருந்தாள். யாருக்காக நிற்கிறாய் என்று கேட்டேன்.

"அம்மா பஸ்ல வருதுங்க. கார்ல ஏறாது. 'கூட உக்காந்தா அந்த ஸ்பீடு முள்ளையே பாத்துக்கிட்டு வருவேன், உனக்கு கை நடுங்கிரும், நீ முன்னாடி போ'ங்கும்."

சற்று நேரத்தில் வேப்பந்தட்டை பஸ் உள்ளே நுழைந்தது. சரோஜா படியில் இறங்கும்போதே தலையை நீட்டி நீட்டி யாரையோ தேடினார். மகள் கையைத் தூக்கிக் காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் கீழே கால் வைத்தார்.