கிளாஸில் மிச்சம் வைக்கும் உத்தியோகம்

பீர் ருசி பார்த்து எழுதுவது என் தொழில் என்று சொன்னதும் கேட்பவர் முகத்தில் முதலில் சந்தேகம் வரும், அப்புறம் பொறாமை வரும், கடைசியில் "அங்க ஆள் எடுக்கறாங்களா?" என்ற கேள்வி வரும்.

தேயிலைக் கம்பெனியில் நாக்கை அடகு வைத்தவர்களே, மசாலாக் கம்பெனியில் மூக்கை வாடகைக்கு விட்டவர்களே, "இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கும் அத்தனை பேரும் என் இனம்தான். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கல்யாண வீட்டில் சாம்பாரைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. "எப்படி இருக்குது, சொல்லுங்க" என்று சமையல்காரரே கரண்டியோடு வந்து நிற்பார்.

எனக்கு வூடு தருமபுரியில். முன்னே கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலையில் இருந்தேன். சீசன் முடிந்தால் சும்மா உட்கார வேண்டியதுதான். அங்கே பழகிய மூக்கை நம்பி, பீர் விமர்சனம் போடும் ஒரு இணையதளத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். பெங்களூரில் தாங்களே பீர் வடித்து அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் சின்னக் கடைகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் அமெரிக்கப் பாணி ஆம்பர் ஏல், ரெட் ஏல் என்ற இரண்டு ரக பீர் மட்டும் என் பங்கு. ஆம்பர் செம்புக் குடம் தேய்த்து வைத்த நிறம். ரெட் அதைவிடச் சிவப்பு, இனிப்பு கொஞ்சம் குறைச்சல். காலை ரயிலில் போய் ருசி பார்த்துவிட்டு மத்தியான வண்டியில் திரும்பிவிடுவேன்.

என் மனைவி பிலோமி இதற்குச் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா குடித்தே போனவர். சாயங்காலம் கேட் கொண்டியைத் திறக்க அவர் தடுமாறுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். ஒயினைப் போல வாயில் வைத்துத் துப்பிவிடலாம் என்றால் பீரில் அது நடக்காது. கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுசாகத் தெரியும், விழுங்கித்தான் ஆக வேண்டும். இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காபியை என் முன்னால் வைத்துச் சொன்னாள்: "எந்தக் கிளாஸையும் நீங்க காலி பண்ணக் கூடாதுங்க. காலி பண்ணுன அன்னைக்குப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்."

தென்னைமரத்துக்கு அடித்த யோகம்

அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஊருக்கு வரும்போது எனக்காகப் பெட்டியில் துணிக்கு நடுவே சில ஏல் டின்கள் கொண்டு வருவான். நாக்கு சுத்தமாக இருப்பது காலையில்தான் என்பதால் பத்து மணி வாக்கில் வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ருசி பார்ப்பேன். தெருவே வேலைக்குப் போகிற நேரத்தில் ஒருத்தன் பீர் கிளாஸை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ருசி பார்த்து முடித்தால் டின்னில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். அதைத் தென்னைமரத்து அடியில் கொட்டிவிடுவேன். பக்கத்து வூட்டு முனுசாமி அண்ணன் தக்காளி விவசாயி, பாலக்கோடு மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு டிராக்டரில் வந்துகொண்டிருந்தார். நுரை பொங்கப் பொங்க நான் மரத்துக்கு ஊற்றுவதைப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று விசாரித்தார். ஆமாங்கண்ணா என்றேன். மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"தம்பி, அடுத்த பொறப்புல நான் உங்க வூட்டுத் தென்னமரமாப் பொறந்துக்கறேன்."

எந்தப் பக்கம் சேர்ப்பது

எங்கள் சர்ச்சுப் பங்குச் சாமியார் வூடு மந்திரித்து ஆசீர்வாதம் பண்ண வந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனவர், குளிர்ந்த தண்ணீர் கேட்க, என் மகள் ஃபிரிட்ஜை அகலத் திறந்துவிட்டாள். தயிருக்குப் பக்கத்தில் ஐந்தாறு டின். பிலோமி தலையைக் குனிந்துகொண்டாள். நான் என் வேலையை விளக்கினேன். மால்ட் என்றால் முளைகட்டி வறுத்த பார்லி, ஹாப்ஸ் என்றால் கசப்புக்குப் போடும் ஒரு பூ, நான் சில மடக்குதான் விழுங்குவேன், மீதி தென்னைக்கு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ குடிக்கிறவனும் இல்ல, குடிக்காதவனும் இல்ல. செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வந்தீன்னா உன்னை எந்தப் பக்கம் சேக்கறதுன்னு நான்தான் யோசிக்கணும்."

நுரை நிற்காத ஏல்

நல்ல ஆம்பர் ஏலுக்கு நுரை முக்கியம். கிளாஸின் தலையில் வெள்ளைத் துணி விரித்தாற்போல நின்று, குடிக்கக் குடிக்க ஓரத்தில் பின்னல் பின்னலாக ஒட்ட வேண்டும். ஒருநாள் பேர்போன ஒரு டின்னைத் திறந்து ஊற்றினேன். நுரை எழும்பியது, உடனே செத்தது. இன்னொரு டின்னையும் திறந்தேன். அதுவும் அப்படியே. சரிதான், கடல் தாண்டி வந்ததில் சரக்கு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, மனசு நொந்து, விமர்சனத்தின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன்.

பிலோமி வந்து கிளாஸைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். என் வேலையில் அவள் மூக்கை நுழைத்தது அன்றைக்குத்தான்.

"பீரு மேல பழி போடாதீங்க. நேத்து நெய் உருக்கி ஊத்தி வெச்சிருந்த கிளாஸு இது, எண்ணெப் பிசுக்கு போகவே இல்ல."

சர்க்கரை ஆலை நிறுத்தம்

ஆம்பர் ஏலின் வாசனையை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு வார்த்தை அகப்படாமல் இருந்தது. எல்லாரும் 'காரமெல்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நம் ஊரில் காரமெலை யார் கண்டது? ஒரு நாள் பாலக்கோட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அரவை சீசன். சர்க்கரை ஆலை பக்கம் வரும்போது ஜன்னல் வழியாக அந்தக் காற்று அடித்தது. கரும்புச் சாறு பாகாகி, பாகு முறுகி, அதற்குள்ளே லேசாக ஒரு புகை. மண்டைக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. இத்தனை வருஷமாக இதே ரோட்டில் போகிறேன், அமெரிக்காவில் எவனோ வடித்த ஏலின் வாசனை எங்கள் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது. எங்கேயோ விளைந்த பார்லியும் இங்கே விளைந்த கரும்பும் நெருப்பைப் பார்த்ததும் ஒரே பாஷை பேசுகின்றன.

நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஓரமாக நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பஸ்ஸே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சார், வாசம் புடிக்கவா எறங்குனீங்க? அடுத்த வண்டி வர்ற வரைக்கும் நல்லாப் புடிங்க."

சிவண்ணாவின் சிவப்பு

சிவண்ணா ஒசூர்ப் பக்கத்துக் கன்னடக் குடும்பத்துப் பிள்ளை. பெங்களூர்க் கடையொன்றில் பீர் வடிக்கிறவர். ஒரு ரெட் ஏல் சரியாக வரவேண்டும் என்று பலமுறை வடித்து, பிடிக்காமல் அத்தனையையும் கொட்டியவர். போன மழைக்காலத்தில் கூப்பிட்டார். "இந்தத் தடவை வாங்க சார்" என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கினேன். மாதுளை முத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சிவப்பு தெரியுமே, அது. அவ்வளவு பார்லியில் ஒரே ஒரு பிடியை மட்டும் கருக வறுத்துப் போட்டாராம், அந்த ஒரு பிடி கொடுத்த நிறம். முகர்ந்தால் சூடு ஆறாத ரொட்டியின் ஓரம். கொஞ்சம் பொறுத்தால் நாரத்தை இலையைக் கசக்கிய வாசனை. விழுங்கினேன். இனிப்பு வந்து உட்காரப் போகிறது என்று நினைக்கும்போதே கசப்பு வந்து அதைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டது. தொண்டை முழுக்கச் சுத்தமாக இருந்தது, இன்னொரு மடக்கு கேட்டது. தண்ணீர், தானியம், பூ, ஈஸ்ட். நாலே சாமான். மனுஷன் கை இதை இப்படியெல்லாம் செய்யுமா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் வந்ததையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

எழுதுவதற்குத் தேவையான மடக்குகள் எப்போதோ முடிந்துவிட்டன. நான் நிறுத்தவில்லை. குனிந்து பார்த்தபோது இரண்டு விரல் உயரம்தான் பாக்கி. பிலோமி தருமபுரியில் இருக்கிறாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கிளாஸைக் கண்டு எனக்குப் பயம் வந்தது. மேசை மேல் வைத்தேன். வைத்த கை அதை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பேட்வா சார், வேணாமா? புடிக்கலயா?" என்றார் சிவண்ணா. முகம் வாடிப்போயிருந்தது. என் வாழ்க்கையில் இதுபோல ஒன்றைக் குடித்ததில்லை என்றேன். பிறகு பிலோமிக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அவர் கிளாஸை எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினார்.

"நல்லா இருக்குன்னு எழுதுங்க சார். மிச்சம் வெச்சீங்கன்னு மட்டும் எழுதிறாதீங்க."

வூட்டுக்காரி கேட்ட கேள்வி

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வூடு வந்தேன். பிலோமி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரயில் முழுக்க ஒரே யோசனை. சொன்னால் இந்த வேலை இன்றோடு சரி. சொல்லாமல் விட்டால் இனிமேல் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சோறு இறங்காது. எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு ஒண்ணு முழுசாக் குடிச்சிரணும்னு இருந்துச்சு பிலோமி."

கத்தி நின்றது. "காலி பண்ணீட்டீங்களா?"

"இல்ல. ஆனா ரொம்பக் கிட்டப் போயிட்டேன். பயமாப் போச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே பிள்ளைகள் பாடம் படிக்கிற சத்தம். பெட்டியை எடுக்க எழுந்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள்: "அப்படி என்னங்க இருந்துச்சு அதுல?"

சொன்னேன். மாதுளைச் சிவப்பு, ரொட்டி ஓரம், நாரத்தை இலை, இனிப்பைக் கசப்பு எழுப்பிவிட்டது எல்லாவற்றையும், விமர்சனத்தில்கூட எழுதாத அளவுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் அவரைக்காயை மடியில் வைத்தபடியே கேட்டாள். முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"எங்கப்பா அத்தன வருசம் குடிச்சாருங்க. அது எப்படி இருக்கும்னு ஒருநாள்கூடச் சொன்னதில்ல. நீங்க போயிட்டு வாங்க, வந்து இப்படியே எனக்குச் சொல்லுங்க."

எத்தனையோ ஏலுக்கு நட்சத்திரம் போட்ட என் மூக்குக்கு இதுவரை ஒரே ஒரு ஆள்தான் நட்சத்திரம் போட்டிருக்கிறாள், அவளோ ஒரு சொட்டுக்கூட ருசி பார்த்தவள் இல்லை.